மூச்சு வாங்காத வரி

தேநீரோடு போகிற வாசல் காவலரை மறித்து, கையில் ஒரு தாளைத் திணித்து, "கொஞ்சம் வாய்விட்டுப் படிங்களேன்" என்கிறார் அக்கா. காவலர் படிக்கிறார். அக்காவின் கண் தாளில் இல்லை. காவலரின் தொண்டையில் இருக்கிறது. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தன் பிரதியில் பென்சிலால் ஒரு புள்ளி. "உங்க மேல தப்பில்ல. நான் எழுதின விதம்தான் சரியில்ல."

பெயின்ட் ஆலையின் கணினி அறையில் அக்காவுக்கு எதிர் மேசை எனக்கு. ஆலையின் கலவைக் கணக்கெல்லாம் ஒரு பழைய கணினி மொழியில் இருக்கிறது. அதில் கூட்டல் குறி முன்னால் வரும், எண்கள் பின்னால். ஒவ்வொரு கணக்கையும் சுற்றி அடைப்புக்குறி, அதைச் சுற்றி இன்னொன்று. வரி முடிவில் ஏழெட்டு அடைப்புகள் வரிசையாக மூடும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நானே முதல் வாரம் விரல் வைத்துத்தான் எண்ணினேன்.

பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல் குறி நடுவில் வரட்டும் என்று அக்கா ஒரு புது எழுத்துமுறை செய்திருக்கிறார். எல்லாரையும் படிக்கவைக்கும் தாளில் இருப்பது அதுதான். அதில் அடைப்புக்குறியே கிடையாது, ஒரே விதிதான்: நெருக்கி எழுதியதை முதலில் கணக்கிட வேண்டும், இடம்விட்டு எழுதியதைப் பிறகு. "ஒட்டி உக்காந்தா குடும்பம். தள்ளி உக்காந்தா விருந்தாளி." அந்த இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்ற யோசனையில் மூன்று நாள் மதியச் சாப்பாட்டை ஆறவிட்டவர்.

"வேலியைப் பிடுங்கிட்டா மாடு மேஞ்சிடும்மா" என்று மேலாளர் சீண்டுவார்.

"உங்க வேலியில மாடு மாட்டல சார், மனுசங்கதான் மாட்டிக்கிறாங்க."

போன வாரம் மேலாளர் ஒரு நிபந்தனை வைத்தார். கலவை மாஸ்டர் யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொண்டால் புது முறை ஆலைக்கு வரும். இல்லையென்றால் அக்காவின் இரண்டு வருட உழைப்பு அலமாரிக்குப் போகும்.

நேற்று மாஸ்டர் வந்தார். திரையில் இளநீலத்துக்கான வரி. பழைய வரியைக் கணினியே புது முறைக்கு மாற்றியிருந்தது:

வெள்ளை + நீலம்×3

பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் ஒரே மூச்சில் படித்தார். நெற்றி சுருங்கியது. "ஏம்மா, மூணு மடங்கு நீலத்துக்கு மட்டுமா? ரெண்டையும் சேர்த்துல்ல மூணு மடங்கு! அதான் ஒவ்வொரு தடவையும் நிறம் கறுத்துப்போகுதா? அஞ்சு வருஷமா வாளி வாளியா வெள்ளையத் தூக்கி ஊத்துறேன், மிஷினோட குணமே அப்படித்தான்னு நெனச்சு!"

அடைப்புகளோடு அந்த வரியை நாங்கள் எத்தனை முறை பார்த்திருப்போம்! ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

"அந்தப் பழைய வரியை எழுதின புண்ணியவான் யாரு?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார்." பரிசு வாங்கப் போகிறவர்போல் இருந்தது அக்காவின் முகம். "அண்ணே, நீங்களே திருத்துங்க. இடைவெளியை மாத்தினாப் போதும்."

"ஐயோ, நானா? கையெல்லாம் பெயின்ட்டும்மா."

அக்கா எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் உருட்டிவிட்டார்.