சிவப்புத் துணி கிளிப்

தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. பகலெல்லாம் துணிக்கு ஊசி, காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் பூனைக்கு ஊசி. வேறு என்ன பேர் வைப்பார்கள்? தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்த அறையில் சர்க்கரை நோயாளிகள் இருவர், சிறுநீரகம் பழுதானவர் ஒருவர், இழுத்து இழுத்து மூச்சு விடும் கிழவி ஒருத்தி. எல்லாம் குப்பைத்தொட்டி ஓரத்திலிருந்து வந்து சேர்ந்த பூனைகள். நோயில்லாத பூனையை யாராவது கொண்டுவந்தால், "அதுக்கு ஆயிரம் வீடு கிடைக்கும், போங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

லிஃப்ட் மெக்கானிக் பேன்ட் நீளம் குறைக்கத்தான் போனான். மேனேஜர் என்ற பூனை அவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சர்க்கரை நோய், பாதிக் காது, இருந்தும் அந்தக் கடையையே தான்தான் நடத்துவதுபோல் ஒரு தோரணை. அவன் பேன்ட்டை மறந்துவிட்டுப் பூனையைக் கேட்டான்.

லேசில் கொடுத்துவிடுவாளா? பதினைந்து நாள், இரண்டு வேளையும், அவனும் மனைவியும் வந்து அவள் கண்முன்னால் ஊசி போட வேண்டும். பெண் கேட்டு வரும் மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை சோதனை கிடையாது. ஊசி போட்டதும், போட்டாச்சு என்பதற்கு அடையாளமாக, கூண்டின் மேல்கம்பியிலிருக்கும் சிவப்புத் துணி கிளிப்பைக் கீழ்க்கம்பிக்கு மாற்ற வேண்டும். அவனுக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. பூனையோடு அவள் கொடுத்தனுப்பிய கிளிப்பைத் துணி காயும் கொடியில் மாட்டிவிட்டான்.

பூனை வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காலை அவன் ஊசி போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். மனைவி எழுந்து வந்தாள், மணியைப் பார்த்தாள், பதறிப்போய் அவளும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் குடித்தவன்போலத் தள்ளாடியது. நீ போட்டியா என்று ஒருவரையொருவர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

"அக்காகிட்ட சொன்னா பூனைய வாங்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள் மனைவி, அழுதுகொண்டே. மறைத்துவிடலாமா என்று அவனும் ஒரு நொடி நினைத்தான். அப்புறம் போனை எடுத்தான்.

"அக்கா, ரெண்டு பேரும் ஊசி போட்டுட்டோம்."

"சர்க்கரைத் தண்ணிய ஈறுல தடவிக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க. ரெண்டு ஊசின்னு அவர்கிட்ட மொதல்ல சொல்லுங்க. நான் வந்துட்டேன்."

கழுத்தில் அளவு டேப் தொங்க, செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். டாக்டர் மருந்து ஏற்ற, இவள் பூனையின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்தபடி உட்கார்ந்தாள். மதியம்வரை அந்த விரல்கள் நகரவில்லை. இருபது மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி வேலை பார்ப்பவன் அவன்; அப்போதெல்லாம் வராத தலைசுற்றல் அவளைப் பார்த்தபோது வந்தது. யாருக்கும் வேண்டாத பாதிக்காதுப் பூனைக்கு இப்படி ஒரு காவலா! அடேங்கப்பா, மனுஷிதானா இவள் என்று மலைத்து நின்றான்.

ஒருவழியாக மேனேஜர் தலையைத் தூக்கி, வேலையைக் கெடுத்தது யார் என்பதுபோல் எல்லோரையும் முறைத்தது. ஊசியக்கா கூடையில் அதைப் படுக்கவைத்து மூடினாள்.

"கூட்டிட்டுப் போயிடுங்கக்கா" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "எங்களுக்கு அந்த யோக்கியதை இல்ல."

அவள் கழுத்திலிருந்த அளவு டேப்பை உருவிச் சுருட்டினாள்.

"எங்க மொதல் பூனைக்கு நானும் வீட்டுக்காரரும் இதே தப்ப பண்ணோம். டாக்டர் கேட்டப்ப, வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு ஊசின்னுதான் சொன்னேன். அது பிழைக்கல. அதுக்கப்புறம்தான் அந்தக் கிளிப்."

கூடையைத் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"நீங்க உடனே சொல்லிட்டீங்க. வீட்டுக்குப் போனதும் கொடியிலேருந்து கிளிப்ப எடுங்க. எல்லாரும் மொதல்ல அங்கதான் மாட்டுவாங்க."