ஒன்பது சுற்று

எங்கள் நாய்க்குட்டியின் வயிற்றில் சாம்பலும் பாலும் கலந்த மணம் இருந்தது. ஆறிய அடுப்புக்குள் சுருண்டு படுத்து எழும்புவதால் வெள்ளையன் என்ற பெயருக்குப் பொருந்தாமல் எப்போதும் சாம்பல் நிறத்திலேயே அது திரிந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் காணி பெற்றுக் குடியேறி எங்களுக்கு நாலு வருடமாகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது, குட்டி வந்து இருபத்தாறு நாள்.

அது வந்த அன்று அம்மா அதை ஏந்திக்கொண்டு குசினிக்கு நடுவிலிருந்த மூன்று கல் அடுப்பை மூன்று தரம் சுற்றி, நெற்றியில் சாம்பல் பூசி இறக்கிவிட்டார். "அடுப்புச் சுத்தல்" என்பார்கள். சுற்றிய அடுப்பை நாய் மறக்காது, எங்கே அலைந்தாலும் அங்கேதான் திரும்பும் என்பது எங்கள் பக்கத்தவர்களின் நம்பிக்கை.

அறுவடை முடிந்ததும் அம்மாவின் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் போவதென்று முடிவாயிற்று. குட்டியை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று ஐயா சொல்லிவிட்டதால், அதை வாய்க்காலுக்கு அப்பால் இரண்டு பசுக்களோடு தனியே இருந்த பொன்னம்மாக்காவிடம் விடுவதாக ஏற்பாடு. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அம்மாவுக்கு இருந்த ஒரே துணை அவர்தான். ஆனால் அவருடைய காணிக்குப் பின்னால் காடு. சென்ற மாரியில் அந்தப் பக்கம் போன ஒரு குட்டியின் கழுத்துக் கயிறு மட்டுமே கிடைத்தது. அதை நினைத்து நினைத்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

புறப்படும் காலையில் ஐயா வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, நான் குட்டியோடு வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருந்த பனைமரக் குற்றியைக் கடந்து போனேன். பொன்னம்மாக்கா மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தார். அவருடைய அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. குட்டி காட்டுக்குள் போகாமல் அங்கேயே நிற்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அந்த அடுப்பை மூன்று தரம் சுற்றினேன். வேலிப் படலை வரை போனதும் மூன்று போதுமா என்று ஐயம் வந்தது. திரும்பி வந்து மேலும் மூன்று சுற்றினேன். எண்ணிக்கை பிசகியிருந்தால் என்ன செய்வது என்று பயந்து இன்னொரு மூன்று. ஒன்பதாவது சுற்று முடிந்து நிமிர்ந்தபோது பொன்னம்மாக்கா பால் செம்போடு வாசலில் நின்றார்.

"ரெயில் போயிடப்போகுது தம்பி, ஓடு" என்று மட்டும் சொன்னார்.

திருவிழாவில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. நாள்களை எண்ணியதுதான் நினைவிருக்கிறது. மாமாமார் மறித்ததில் பத்து நாள் பதின்மூன்றாயிற்று.

திரும்பி வந்ததும் வெள்ளையன் ஓடிவந்து என் கையை நக்கியது, எங்கள் முற்றத்தில் அரைவயிறு தின்றது, பொழுது சாய்ந்ததும் பனங்குற்றியைக் கடந்து பொன்னம்மாக்கா வீட்டுக்குப் போய்விட்டது. ஐந்து தரம் தூக்கி வந்தோம். கட்டிப் போட்டால் ஊளையிட்டது. ஆறாம் தரம் அம்மாவே போனார். நான் அவருடைய சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"அக்கா, நீங்கள் இதை அடுப்புச் சுத்தினனீங்களோ?"

பொன்னம்மாக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். "ஓம் பிள்ளை. காட்டுக்கை போயிடுமெண்டு பயந்திட்டன்."

"பாக்கச் சொல்லித்தான் விட்டனாங்கள், எடுக்கச் சொல்லி இல்லை" என்றார் அம்மா.

வீட்டில் ஐயா சிரித்தார். "அவவிட்டை இரண்டு பசு நிக்குது. எங்களிட்டைப் பால் தர என்ன நிக்குது? நாய்க்குக் கணக்குத் தெரியாதோ?" அம்மா சிரிக்கவில்லை. அதன்பிறகு நாற்பத்து மூன்று நாள் அவர் அந்தக் குற்றியில் கால் வைக்கவில்லை. மாலையில் இரண்டு பெண்களும் வாய்க்காலின் இரு கரையிலும் ஒருவரையொருவர் பாராமல் பாத்திரம் கழுவுவார்கள். சுற்றியது நான்தான் என்று நாளுக்கொரு தரமாவது வாயெடுப்பேன். சொன்னால் அடி விழும் என்பதைவிட, பொன்னம்மாக்கா எனக்காகப் பொய் சொன்னவராகிவிடுவாரே என்ற குழப்பம் வாயை அடைத்துவிடும். நாற்பத்து நாலாம் நாள் அவரே ஒரு சட்டித் தயிரோடு வந்தார், வெள்ளையன் பின்னால் வந்தது. அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். அதோடு இருவரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. இருவரும் கண்மூடும்வரை சொல்லவில்லை.

அந்தப் பனங்குற்றியும் அதைக் கடந்து வருவோரும் இன்று இல்லை. நேற்று என் மகள் கொழும்புப் பயணத்துக்காகத் தன் குட்டியை வவுனியாவில் காசுக்கு நாய் பார்க்கும் ஓரிடத்தில் விட்டுவந்தாள். கம்பிக் கூடு, நாளுக்கு இரண்டு படம் தொலைபேசிக்கு வருமாம். இதுவரை ஒன்றுதான் வந்திருக்கிறது. கொண்டுபோவதற்கு முன் யாரும் காணாமல் அதைத் தூக்கி மோந்து பார்த்தேன், சவர்க்கார மணம். அப்படியே குசினிக்குள் கொண்டு போனேன். காஸ் அடுப்பு சுவரோடு ஒட்டி நிற்கிறது. ஒரு சுற்றுக்குக்கூட வழியில்லை.