நான் மூடிய ஓசிக் கடை

பத்து வயதில் நான் ஒரு வெளிநாட்டுக் கடையை மூடினேன். இதைச் சொன்னால் கல்லூரியில் கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். திருமானூரில் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை.

அம்மா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாள். இன்றும் வைத்திருக்கிறாள். அப்பா அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குகிற நேரம் என்பதால், கடை முழுக்க முழுக்க அம்மாவின் ராஜ்யம். அண்ணன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். நான் யாரும் நியமிக்காமலே அந்தக் கடையின் காவல் அதிகாரியாக இருந்தேன்.

காவலுக்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் எங்கள் கடைக்கு எதிரே கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு பெரிய கடை திறந்தார்கள். முதல் சில வாரங்கள், உள்ளே போய் எதை வாங்கினாலும் அரைக் கிலோ சர்க்கரை இனாம். அதைப் பற்றி அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "புதுசா வந்தவன் ஆளைப் புடிக்க ஓசில குடுக்குறான். குடுத்துட்டுப் போறான்." அதற்குப் பிறகு அந்தத் திசையையே பார்க்கவில்லை. அந்தக் கடைப் பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது சொல்லாமலே சட்டமானது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடையில் வாடிக்கையாக வாங்குகிறவர்கள் வேறு கடைப் பையோடு அந்த வாசலைத் தாண்ட மாட்டார்கள். சிலர் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேகமாக நடப்பார்கள். மானம் கொஞ்சம் அதிகம் உள்ளவர்கள் ஏரித்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேருவார்கள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அக்கா இரண்டாவது ரகம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் கடையில் வாங்கியவர். மூட்டு வலியோடு அவர் ஏரித்தெருவில் தாங்கித் தாங்கி நடப்பதை நான் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்வேன். அம்மா காது கேட்காதது போலப் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் நூலை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றுவாள்.

இந்த நிலைமையில்தான் அண்ணன் துரோகி ஆனான்.

அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் அவன் விளையாடுவான். அதில் இன்டர்நெட் வழியாக விளையாட்டு விற்கிற கடை ஒன்று இருந்தது. பொங்கல் காசு, மாமா கொடுத்த காசு எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, தள்ளுபடி வருகிற நாளுக்குக் காத்திருந்து, அவன் அங்கே மூன்று நான்கு விளையாட்டுகள் வாங்கியிருந்தான். அவன் கூட்டாளிகள் எல்லாரும் அதே கடையில்தான் இருந்தார்கள். ஒரு நாள் திரையில் இன்னொரு வெளிநாட்டுக் கடை வந்து உட்கார்ந்திருந்தது. இது எதுக்குடா என்று கேட்டேன்.

"இவன் புதுசா வந்தவன். பழைய கடையில இருக்குற ஆளுங்களைப் புடிக்கணும்ல, அதான் வாரா வாரம் ஒரு கேம் ஓசில குடுக்குறான்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா சொன்ன அதே வார்த்தைகள். எதிர்க் கடை ரோட்டைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து கடை போட்டுவிட்டது, அதுவும் பெற்ற பிள்ளையே கதவைத் திறந்துவிட்டு! அவன் அந்த ஓசி விளையாட்டு ஒன்றில் நகரம் கட்டிக்கொண்டிருந்தான். ரோடு, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று இரண்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை அவன் டியூஷனுக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்தேன். இடம் போதாவிட்டால் எப்படி அழிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். ஓசிக் கடை கொடுத்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு கடையையே அழித்தேன். மிச்சம் மீதி இருந்த கோப்புகளையும் விடவில்லை. நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த நிச்சயம் பிறகு வாழ்க்கையில் எதிலும் இருந்ததில்லை.

முடித்த கையோடு கடைக்கு ஓடினேன். நாலைந்து பேர் நின்றார்கள். "அம்மா, வூட்டுக்குள்ள ஓசிக் கடை ஒண்ணு வந்துச்சு. நான் மூடிட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அம்மா ஒன்றும் புரியாமல் தராசைப் பிடித்தபடி நின்றாள்.

அண்ணன் வந்த பிறகு புரிந்தது. அவன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் தியாகியாகியிருப்பேன். பதினேழு வயது, மீசை அரும்பியவன், கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதான். அம்மா அவன் பக்கத்தில் நின்று தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தக் கடைக்காரன் குடுத்ததெல்லாம் போயிருச்சாடா?" என்று கேட்டாள் அம்மா.

"கேம் போவலம்மா. என் பேருல இருக்கும், திரும்ப எறக்கிக்கலாம். கட்டுன ஊருதான் போயிருச்சு."

"தூக்கிப் போட்டுட்டுப் போனவனை மறுபடியும் சேத்துக்குவானா?"

"எப்ப வேணாலும் போலாம்மா."

அம்மா அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "சரி, நீ இவன்கிட்ட போனதுக்குப் பழைய கடைக்காரன் கோவிச்சுக்கலையா?"

அழுகைக்கு நடுவிலும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனுக்கு என்னம்மா கோவம்? நான் வாங்குனது அங்கயும் அப்படியே இருக்கு. ரெண்டு கடையும் ஒரே லேப்டாப்புல பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு. இவதான் சண்டை மூட்டி விட்டா."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மறுநாள் காலையில் ஒரு வாடிக்கைக்காரியிடம் என் கதையைச் சொன்னாள். "கேட்டியா, எதிர்க்க ஓசில குடுக்குறான்னு நமக்காக ரோசப்பட்டு, என் பொண்ணு அவ அண்ணன் கம்ப்யூட்டர்ல இருந்த கடைய மூடிட்டா!" கேட்டவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து வந்தவரிடமும் சொன்னாள். வாரம் முழுக்கச் சொன்னாள். பால்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பள்ளிக்கூட வாத்தியார் என்று யாரையும் விடவில்லை. அதிகம் பேசாத என் அம்மா அந்த வாரம் பேசியதுபோல் அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். சிரித்து முடித்ததும் சிலர் ஏன் தரையைப் பார்த்தார்கள் என்று மட்டும் விளங்கவில்லை.

அடுத்த வாரம் சத்துணவு அக்கா வந்தார். ஏரித்தெரு வழியாக அல்ல, நேர் ரோட்டில். கையில் எதிர்க் கடைப் பை. அதை மறைக்காமல் எங்கள் கல்லாமேலேயே வைத்தார்.

"ஆமா தாயி, சர்க்கரை ஓசின்னாங்க, போயிட்டேன். ஒன் பொண்ணு கதையக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு கேக்கல."

"போனா என்னக்கா?" என்றாள் அம்மா. "ஒங்களுக்கு எங்க தோதோ அங்க வாங்குங்க. ஆனா இந்த வழியாவே நடந்து போங்க. அந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏரித்தெருவைச் சுத்தாதீங்க."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நூறு கிராம் கடுகு கேட்டார். அம்மா நிறுத்தாள், நிறுத்த பிறகும் ஒரு கை அள்ளிப் போட்டாள். அதற்குள் மழை, பிள்ளைகள், பள்ளிக்கூடத்து முட்டை என்று பேச்சு போய்விட்டது.

எனக்குத் தாங்கவே முடியவில்லை. நான் ஒரு கடையையே மூடிக்கொடுத்திருக்கிறேன், அம்மா எதிரியின் பையைக் கல்லாமேல் வைக்க விடுகிறாள். தோற்றுப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். அம்மா என் வீரத்தை ஊருக்குச் சொன்னாள் என்று நம்பியிருந்த எனக்கு, "ஏன் வரவில்லை" என்று யாரிடமும் கேட்டுப் பழகாத ஒருத்தி தன் ரோஷம் குறையாமல் என் கதை வழியாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. போன வியாபாரத்தைவிட, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நினைத்துத்தான் அவள் வருந்தினாள் என்பதும் தெரியாது. இன்று அவளை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

கிளம்பும்போது அந்த அக்கா என் கன்னத்தைப் பிடித்து, "ஒன்னாலதாண்டி நான் இந்தப் படி ஏறுனேன்" என்றார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.