எதுக்கும் பாஸ்டர்

தொட்டித் தண்ணீரில் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு, "எதுக்கும் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துங்க" என்கிறார். ஞானஸ்நானத்துக்கு வந்திருக்கும் குழந்தை அம்மாவின் தோளில் அசந்து தூங்குகிறது. அதன் நெற்றியில் விழப்போவது மூன்று கை தண்ணீர். அதற்காக வீட்டிலிருந்து பிளாஸ்க் தூக்கிக்கொண்டு வருகிற போதகர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஊற்றியதும் மறுபடி முழங்கை. இப்போது சூடு கூடிவிட்டதோ என்று முகம் வாடுகிறது.

சபையில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'எதுக்கும் பாஸ்டர்'. அவருக்கும் தெரியும், கோபமில்லை. கல்யாணம் நடத்தி வைக்கப் போனால் சட்டைப் பையில் ஒரு பித்தளை மோதிரம் இருக்கும். மாப்பிள்ளை மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டால்? ஒரு மாப்பிள்ளை அப்படி வைத்துவிட்டும் வந்தான். அன்றைக்கு இவர் முகத்தில் இருந்த களை மாப்பிள்ளை முகத்தில்கூட இல்லை. அடக்கம் என்றால் காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழியின் நீளத்தைக் காலடியால் அளந்து பார்ப்பார். "செத்தவரே அவசரப்படலை, உங்களுக்கு என்ன பாஸ்டர் அவசரம்?" என்று குழி வெட்டுகிறவர் கேட்டது சபை முழுக்கப் பரவி, இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. பிரசங்க மேடையை இளையவர்களிடம் கொடுத்தாயிற்று. பழகிய குடும்பங்கள் கூப்பிட்டால் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் போகிறார். மற்றபடி படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குத் திருவிருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் சபை அவரிடமே விட்டிருக்கிறது. அதற்கென்று ஒரு சின்னத் தோல் பெட்டி. மூடி போட்ட கிண்ணம், அப்பம் வைக்கிற தட்டு, திராட்சை ரசம் இருக்கும் குப்பி, வெள்ளைத் துணி, அது நனைந்துவிட்டால் இன்னொரு வெள்ளைத் துணி. லிஃப்ட் இல்லாத மாடிகளில் மூச்சு வாங்க ஏறிப்போய், கதவைத் தட்டுவதற்கு முன்னால் படியிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் இருக்கும்.

இவையெல்லாம் வெளியே தெரிகிற கவலைகள். தெரியாத கவலை ஒன்று உண்டு. இத்தனை வருஷம் உண்மையாக இருந்துவிட்டுக் கடைசியில் கெட்டுப்போய்விடுவோமோ என்பது. ஊழியத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பயத்தோடுதான் அவர் குடித்தனம். பெண்கள் யாராவது தனியாகப் பேச வந்தால் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பார். காணிக்கைப் பையைக் கையால் தொடமாட்டார். கூடப் படித்த போதகர் ஒருவர், ஓய்வுக்குச் சில மாதம் இருக்கும்போது குடித்துவிட்டு மேடையேறினார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவ்வளவு தூரம் ஒழுங்கா ஓட்டிட்டு வந்து வீட்டு வாசல்ல வண்டியைக் கவுத்துட்டாரே" என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். ஆனாலும் குடியிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருந்தது, குடிக்காமல் இருந்தால் போதும். எந்த முன்ஜாக்கிரதையும் செல்லாத ஒன்றைப் பெரியவர்தான் காட்டினார்.

பெரியவர் என்று அவர் சொல்வது, முதல் சபையில் தனக்கு மேலே இருந்த போதகரை. தொண்ணூறை நெருங்குகிறார். மகள் வீட்டின் பின்னறையில், பக்கவாட்டில் கம்பி வைத்த கட்டிலில் கிடக்கிறார். புத்தி தப்பிவிட்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. புத்தி இருந்த இடத்தில் வசவு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அச்சில் ஏற்ற முடியாத வசவு. ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் இன்னொருவனைச் 'சனியனே' என்று திட்டியதற்கு அத்தனை பிள்ளைகளையும் நிற்கவைத்து நாவடக்கம் பற்றிப் பேசியவர் அவர். இப்போது சாப்பாடு ஊட்டுகிற மகளை ஏசுகிறார், உடம்பு துடைக்க வரும் நர்ஸை ஏசுகிறார். யாராவது ஜெபம் சொல்ல ஆரம்பித்தால் குரல் இன்னும் உயர்கிறது.

மகள் ஐம்பதைத் தாண்டியவள். பாஸ்டருக்கு இன்னமும் 'பாப்பா'. அவளுக்கு இவர் 'சித்தப்பா'. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று டீவியை அலறவிட்டுவிட்டுத்தான் அவள் அப்பாவுக்குச் சட்டை மாற்றுகிறாள். சபையிலிருந்து பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த இரண்டு பேர், காதைப் பொத்திக்கொள்ளாத குறையாகத் திரும்பிப் போனார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர்களில் ஒருவர், "அம்பது வருஷ ஊழியம். உள்ளுக்குள்ள இதுதான் இருந்துச்சா?" என்று கேட்டது இவர் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து இவருக்கு நிம்மதி போயிற்று. பெரியவருக்கு அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தனக்கு வந்தால் எங்கிருந்து வரும் என்று இவருக்கு நன்றாகத் தெரியும். வேதாகமக் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு ஸ்பானர் கேட்பதென்றால்கூட எதிராளியின் பரம்பரையை இழுக்காமல் கேட்கமாட்டார்கள். அத்தனையும் மனப்பாடமாயிற்று. வெளியே வந்தபின் ஒன்றைக்கூட வாய் திறந்து சொன்னதில்லை. ஒன்றைக்கூட மறக்கவும் இல்லை. நோயாளிகளின் பெயர் மறக்கிறது, அது மட்டும் மறக்கவில்லை.

பெயர் மறப்பது சமீபத்தில் வந்தது. ஒரு அம்மாளின் தலையில் கை வைத்து ஜெபிக்கும்போது பெயர் வரவில்லை. "உம்முடைய இந்த அன்பு மகள்" என்று சமாளித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரமண்டல ஜெபத்துக்கு நடுவிலேயே வழி தெரியாமல் நின்றுவிட்டார். சபையாரின் குரல் இழுத்துக்கொண்டு போய்விட்டதால் யாரும் கவனிக்கவில்லை. முன் வரிசையில் இருந்த மனைவி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "எனக்கும் ஆரம்பிச்சிடுச்சும்மா" என்றார்.

"என்னது ஆரம்பிச்சது? மறதி ஒரு வியாதியா? உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பேரு எனக்கு மறந்து முப்பது வருஷமாச்சு."

"நீ வேணும்னே மறந்தது. இது அப்படியில்ல." "நான் ஏதாவது அசிங்கமாப் பேச ஆரம்பிச்சா கதவைச் சாத்திடு. யாரையும் உள்ள விடாதே. உன்னால முடியலைன்னா நீயும் வெளிய போயிடு" என்றார்.

"உங்களுக்கு என்ன அசிங்கம் தெரியும்? 'அட கஷ்டமே'ங்கிறதுக்கு மேல உங்க வாயில ஒரு வார்த்தை வந்திருக்கா?" என்று அவள் சிரித்தாள். தெரிந்ததை அவர் சொன்னால் அவள் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பாள்.

இதற்கு நடுவே பெரியவரின் மகள் ஒன்று கேட்டாள். "சித்தப்பா, எல்லார் வீட்டுக்கும் திருவிருந்து கொண்டுபோறீங்க. அப்பாவுக்கு மட்டும் ஏன் இல்ல? அவர் என்ன பாவம் பண்ணிட்டாரு?" இவர் வழக்கம்போல, "பாக்கலாம் பாப்பா. எதுக்கும் சபையில ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார். சபைச் செயலாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வேண்டாம் பாஸ்டர். வாயில வாங்கித் துப்பிட்டார்னா? ஆண்டவருடைய சரீரம்னு சொல்லிக் குடுக்கறோம். அதை அவமானப்படுத்தின பழி உங்க தலையில விழும். அவருக்கு வேணும்னு அவருக்கே தெரியாதே" என்றார். அந்தப் பதில் இவருக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததுதான் பிறகு அவரைப் போட்டு அரித்தது.

மகள் அடுத்தடுத்த வாரங்களிலும் கேட்டாள். "பாக்கலாம்" என்றார். மழைக்காலம் வந்தது, போனது. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இவர் போனால் கதவைத் திறப்பாள், டீ கொடுப்பாள், இவர் கையில் பெட்டி இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது தூங்கியவருக்கு, அவள் கேட்காமல் விட்டபிறகு தூக்கம் வரவில்லை. கொடுத்தால் அவமதிப்பு ஆகிவிடுமோ என்று பயம். கொடுக்காவிட்டால், வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் அப்பம் பிட்டுக் கொடுத்த மனிதரைக் கடைசிப் பந்தியில் எழுப்பிவிட்ட பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது.

போன வாரம் பெரியவரைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பி வரும்போது மனைவியிடம் கேட்டார். "எனக்கு அவரை மாதிரி ஆயிட்டா, திருவிருந்து யாரு கொண்டுவந்து குடுப்பாங்க?"

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. "அவருக்கு இப்ப யாரு குடுக்கறாங்களோ, அவங்கதான்" என்றாள்.



மறுநாள் காலையில் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். துணிகளை எண்ணிப் பார்த்தார், இன்னும் ஒன்றைச் சேர்த்தார். தொண்டையில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அப்பத்தை ஒரு பருப்பளவு சின்னதாகக் கிள்ளலாமா, ரசத்தில் நனைத்துக் கொடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டார். செயலாளருக்குப் போன் செய்யப் போனவர், பாதியில் வைத்துவிட்டார். "நீயும் வா, எதுக்கும்" என்றார். அவள் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

கதவைத் திறந்த மகள் முதலில் பெட்டியைத்தான் பார்த்தாள். உள்ளே போய் டீவியை அணைத்துவிட்டு, அப்பாவின் முகத்தை ஈரத் துணியால் துடைத்துத் தலையைச் சீவிவிட்டாள். அறையில் மருந்து வாடையும் புதிதாகத் துவைத்த போர்வையின் வாடையும் கலந்திருந்தன. பெரியவர் இவரையே உற்றுப் பார்த்தார். யாரென்று தெரிந்ததா தெரியவில்லையா என்று சொல்ல முடியாத பார்வை. இவர் கட்டிலின் கம்பியைக் கீழே இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜெபத்தை ஆரம்பித்தார். எங்கேயும் தடுமாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துப் பிடித்துச் சொன்னார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை. மகள் சுவரில் சாய்ந்து நின்றாள், அவள் உதடுகள் கூடவே அசைந்தன. அப்பத்தைக் கிள்ளி ரசத்தில் நனைத்து நீட்டியபோது பெரியவர் பசித்த பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். வாங்கிக்கொண்டார். மென்றார். மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பா..." என்று ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

பெரியவரின் முகம் சுருங்கியது. ஒரு வசவு, அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் தூவென்று அப்பம். அது இவருடைய வெள்ளைச் சட்டையின் கையில் வந்து விழுந்து, எச்சிலோடு ஒட்டிக்கொண்டது.

பயந்தது நடந்தே விட்டது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, சித்தப்பா! நான்தான் கேட்டேன், என் தப்பு. மன்னிச்சிடுங்க" என்று அழுதுகொண்டே பெட்டியிலிருந்த துணியை உருவி எடுத்து, துடைக்கக் குனிந்தாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெரியவர் விடாமல் ஏசிக்கொண்டிருந்தார். அதில் ஒவ்வொரு வார்த்தையும் இவருக்குத் தெரிந்த வார்த்தை.

"இரு பாப்பா" என்றார். துணியோடு வந்த அவள் கையை மெதுவாகத் தள்ளினார். சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஈரத் துண்டை இரண்டு விரலால் எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டார்.