நான் கழுவிவிட்ட பனி

மேடம் என்னிடம் "இன்றைக்கே கிளம்பு" என்று சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பயம் பிடித்தது. ஆறு வருஷமாக நான் வேலை செய்த அந்தச் சவுதி வீட்டில் கேட்டது "புக்ரா" என்ற ஒரே சொல். நாளைக்கு என்று அர்த்தம். லீவு எப்போது மேடம்? புக்ரா. டிக்கெட்? புக்ரா. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், நோன்பு முடியட்டும், பெருநாள் முடியட்டும். அப்படிப்பட்ட வாய் திடீரென்று இன்றைக்கே என்று சொன்னால் எவளுக்குத்தான் சந்தேகம் வராது?

எனக்கு வியாழக்கிழமை இரவு ரியாத்திலிருந்து கொழும்புக்கு விமானம். நாங்கள் இருந்தது ஹாயிலுக்கும் வடக்கே ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ரியாத் ஒரு பகல் ஓட்டம். சனிக்கிழமை என் மகளுக்குச் சடங்கு. அவள் பெரியபிள்ளையாகி மாதம் இரண்டு ஆகியும், நான் வருகிற நாளுக்காக என் அக்கா அதைத் தள்ளி வைத்திருந்தாள். ஆறு வயதில் அவளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தவள் நான். வருகிறேன், வருகிறேன் என்று மூன்று தடவை சொல்லி மூன்று தடவையும் போகாதவள். இந்தத் தடவை டிக்கெட் நிச்சயமாகிவிட்டது என்று போனில் சொன்னபோது, "நீங்க வாங்கம்மா, வந்தப்பறம் நம்புறேன்" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? ஆனாலும் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

மேடம் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மேகம், துளி, எண்கள், மீதியெல்லாம் அரபி. பேசினால் எனக்கு அரபி புரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. மேடம் வேகமாக வாசித்தார். டிரைவர் தம்பி வாசலில் நின்று தமிழில் சொன்னான். அவன் புதுக்கோட்டைப் பக்கம்.

"அக்கா, நாளைக்குப் பரவலா மழையாம். ஓடையில தண்ணி வந்துருச்சுன்னா ரோட்ட அடைச்சுருவாங்க. வியாழக்கெழம விடிய பனி ஒறையவும் வாய்ப்பிருக்காம். அதான் இப்பவே கெளம்பி ரியாத்துல மேடத்தோட தங்கச்சி வீட்ல தங்கிட்டு, அங்கேர்ந்து ஏர்போர்ட் போலாங்கறாங்க. மேடமும் கூட வர்றாங்க."

தங்கச்சி வீடு! அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது மாதிரி இருந்தது. அந்தத் தங்கச்சி முந்தைய பெருநாளுக்கு வந்து என் கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இவளை எனக்குக் கொடுத்துவிடு" என்று மேடத்திடம் கேட்டவள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் என் கையை அவள் சீக்கிரம் விடவில்லை. பக்கத்து வீட்டில் வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்காவையும் இரண்டே நாள் என்று சொல்லித்தான் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். போய் இரண்டு வருஷம். அவளுடைய நீலச் செருப்பு இன்னும் அந்த வீட்டுப் பின்வாசலில் கிடந்தது. குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன்.

மழை என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட அரை மனதோடு காரில் ஏறியிருப்பேன். அந்தப் பனியைச் சேர்த்ததுதான் தப்பு. நான் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். தை மாசத்தில் தேயிலைச் செடி உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். பனியைப் பற்றி எனக்கே கதை சொல்கிறார்களா? மேடத்தின் ஊரிலும் மார்கழி, தையில் குளிரும், இல்லை என்று சொல்லவில்லை. ஹீட்டர் போடுவோம். ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு பொட்டுப் பனி நான் பார்த்ததில்லை. அதுவும் பங்குனி பிறக்கப் போகிற நேரத்தில். முந்தின வாரம்தான் கம்பளியெல்லாம் துவைத்து உள்ளே வைக்கச் சொல்லி, ஏசியைத் துடைக்கச் சொன்னார்கள். பாலைவனத்தில் பனியாம்! பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

என் பெட்டியை அறைக்கு நடுவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வரல தம்பி. வியாழக்கிழம காலையில இங்கயிருந்து நேரா ஏர்போர்ட்டுக்கு வாறேன். எந்தத் தங்கச்சி வீட்டுக்கும் வர மாட்டேன்."

"அடம் புடிக்காதக்கா. ஓடையில தண்ணி வந்தா ஹெலிகாப்டர்லயா போவ?"

"அந்த ஓடையில ஆடு ஓடித்தான் பாத்திருக்கேன், தண்ணி ஓடிப் பாத்ததில்ல. என்னோட பாஸ்போட்ட இப்ப என் கையில தரச் சொல்லு, பாப்போம்."

அவன் கேட்டான். ஏர்போர்ட்டில் தருகிறேன் என்றார் மேடம். பார்த்தீர்களா என்று நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

"சத்தியமா சொல்றேன்க்கா, அவுங்க வாசிச்சதத்தான் சொன்னேன்."

"நீயும் அவங்க ஆளுதானே தம்பி" என்றேன். அவன் முகம் சுருங்கிப் போனது. மேடம் "கலாஸ்", போதும், என்று கையை உதறிவிட்டு, போட்டிருந்த கறுப்பு அங்கியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதையும் நான் சந்தேகப்பட்டேன்.

புதன்கிழமை பின்நேரம், அசர் பாங்குக்குப் பிறகு மழை வந்தது. சும்மா வரவில்லை, கொட்டியது. பிள்ளைகள் முற்றத்தில் இறங்கிக் குதித்தார்கள். நான் ஜன்னலோரமாக நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே, வரட்டும், கொஞ்சம் உண்மையைக் கலந்தால்தானே பொய் எடுபடும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தவள் நான்தான். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. மாலையில் மழை விட்டு, வானம் துடைத்துவிட்டாற்போல ஆனது. காற்று நின்றுவிட்டது. மழைக்குப் பிறகு தெளிந்த வானம், அசையாத காற்று. எங்கள் ஊரில் இதைப் பார்த்தால் கங்காணி முதல் கைப்பிள்ளைக்காரி வரைக்கும் பனி வரும் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் இது எங்கள் ஊர் இல்லையே என்று போர்த்திப் படுத்தேன்.

வியாழக்கிழமை விடிகிற நேரம் தேத்தண்ணி வைக்க எழுந்து பின்கதவைத் திறந்தேன். கால்விரல் இடுக்கில் முதலில் தெரிந்தது. அந்தக் குளிர் எனக்குப் பழக்கமான குளிர். நிமிர்ந்து பார்த்தேன். மேடம் ஆசையாக நட்டிருந்த தக்காளிக் கன்றுகள் வரிசையாக வெளுத்து நின்றன. பக்கத்தில் புதினாப் பாத்தி, அதற்கு அப்பால் காரின் கண்ணாடி, எல்லாம் வெள்ளை. நம்பாமல் ஒரு இலையை நகத்தால் சுரண்டினேன். நகக்கண்ணில் வந்து கரைந்தது.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பனி உண்மை என்றால் ஓடை உண்மை. ஓடை உண்மை என்றால் தங்கச்சி வீடும் ஏர்போர்ட்டும் உண்மை. அந்தத் தம்பி சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. என்னைத் தவிர அந்த வீட்டில் எல்லாரும் நேராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு என் கை தானாக வேலை செய்தது. பனி விழுந்த செடியில் வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகிப் போகும். எங்கள் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர்கள் விடியற்காலையில் செய்கிற முதல் வேலை அது. வாளியும் கோப்பையுமாக ஓடினேன். ஒவ்வொரு தக்காளிக் கன்றையும் கழுவினேன். புதினாவைக் கழுவினேன். எந்த நேரமும் கிளம்பச் சொல்வார்கள் என்று காரின் கண்ணாடியையும் கழுவிவிட்டேன். கையெல்லாம் மரத்துப் போய்விட்டது. வெயில் மதிலைத் தாண்டி உள்ளே விழுந்தபோது அந்த முற்றத்தில் ஒரு பொட்டு வெள்ளை மிச்சமில்லை.

திரும்பினால் மேடம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என் நனைந்த கையைப் பிடித்துத் தன் கம்பளியிலேயே துடைத்துவிட்டு, உள்ளே போய் என் பாஸ்போட்டையும் டிக்கெட் தாளையும் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தார். "யல்லா", போகலாம், என்றார், மெதுவாக.

தம்பி காரை விரட்டிக்கொண்டுதான் போனான். அரை மணி நேரத்தில் அந்த ஓடை வந்தது. ஆடுகள் ஓடிய இடத்தில் காவிநிறத் தண்ணீர் ரோட்டை மூடிக்கொண்டு போனது. போலீஸ் கார் குறுக்கே நின்றது. சுற்றிப் போகிற ரோடும் அப்படித்தான் என்றார்கள். மத்தியானம் வரை காத்திருந்தோம். தண்ணீர் இறங்கவே இல்லை. மேடம் போனில் யார் யாருடனோ சத்தம் போட்டார். கடைசியில் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் விமானத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்தது. திரும்பி வரும் வழியில் தம்பி, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை. தண்ணீர் போத்தலை மட்டும் பின்னால் நீட்டினான். "மன்னிச்சிக்க தம்பி" என்றேன். "விடுக்கா" என்றான்.

சாயங்காலம் மகளுக்குப் போன் எடுத்தேன். அவளுக்குப் பின்னால் யாரோ பந்தல் கட்டுகிற சத்தம் கேட்டது. மழை, ஓடை, அடைத்த ரோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். எப்படியாவது நம்ப வைத்துவிட வேண்டுமென்ற பதற்றத்தில், "நம்ம ஊருல மாதிரியே பனி கொட்டியிருந்துச்சு கண்ணு, வெள்ளையா" என்று சொல்லிவிட்டேன்.

"பாலைவனத்துல பனியாம்மா?"

"சத்தியமா கண்ணு. என் கையால தொட்டுப் பாத்தேன்."

"அப்ப போட்டோ அனுப்புங்க."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"எடுக்கலையே கண்ணு. கழுவிட்டேன்."

"சரிம்மா" என்றாள். அழவில்லை, கோபப்படவில்லை. போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதில் வைத்தபடியே முற்றத்துக்குப் போய்த் தக்காளிக் கன்றுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றுகூடக் கருகியிருக்கவில்லை. ஒன்றாவது கருகியிருந்தால் அதைப் படமெடுத்து அனுப்பியிருப்பேன்.