எல்லாச் செடிகளோடும் ஒப்பிட்டவள்

போன செவ்வாய்க்கிழமை காலை தண்டையார்பேட்டையிலிருந்து ஜரீனாவின் தம்பி பேசினார். "அக்கா நெஞ்சு வலிக்குதுன்னாங்க, மாலாக்கா. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சு." ரிசீவரை வைக்கத் தெரியாமல் நின்றேன். ஜரீனாவுக்கு என் வயதுதான்.

கல்லூரியின் தாவரவியல் துறையில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவளை அறிந்த உங்களுக்கு அவள் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பியவள். "பயம் இல்லாதவங்க குடுக்கிற சாம்பிள நான் நம்ப மாட்டேன்" என்பாள். நான் கேலி செய்வேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எண்ணூர்க் கழிமுகத்தின் ஒரு கிளையை மண்போட்டு மூடிச் சாலை போடப்போவதாகப் பேச்சு எழுந்தது. பக்கத்துக் குப்பத்தின் படகுகள் கடலுக்குப் போக அது ஒன்றுதான் நேர்வழி. அங்கே நின்ற அலையாத்திச் செடிகள் வேறெங்கும் இல்லாத வகை என்று காட்டினால் சாலையை நிறுத்தப் பார்க்கலாம் என்றார் குப்பத்தின் வக்கீல். இலை பறிக்க நாங்கள் போனோம்.

இலையெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல். குப்பத்தில் மீன் விற்கும் தேசம்மா பார்த்துவிட்டு, "இத்த இப்டியேவா எட்த்துகினு போவீங்க? கலீஜா கீது, குடு இப்டி" என்று பிடுங்கினாள். பித்தளைச் செம்பு விளக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நீட்டினாள். படித்த மேதாவிகள் இரண்டு பேரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம்!

அந்த இலையின் மரபணு வரிசை வெளியூர் லேப் ஒன்றிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. துறையில் இணையம் கிடையாது. ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் தங்கள் செடிகளின் வரிசைகளைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம் ஒன்று உண்டு. நம் வரிசையை அதில் ஒட்டினால் எந்தச் செடியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும். அலையாத்திகளோடு மட்டும் ஒப்பிட்டோம். எதோடும் சரியாகப் பொருந்தவில்லை. புது வகை! நான் நாற்காலியிலேயே குதித்தேன். செய்தி குப்பத்துக்குப் போனதும் தேசம்மா வெடி வாங்கி வைத்துவிட்டாள்.

ஜரீனாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சாலை வழக்கின் விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் என்னை மறுபடி பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நமக்கு வேணுங்கிற செடியோட மட்டும் பாத்துகினு கீறோம் மாலா. எல்லாத்தோடயும் போட்டுப் பாப்போம்."

பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. வரிசையில் பாதி சாதாரண அலையாத்தி, பிச்சாவரத்தில் இருக்கிறதே அதே வகை. மாறியிருந்த இடங்களிலெல்லாம் புளியமரம். தேசம்மா தேய்த்த புளி!

"வக்கீல் நம்மளக் கொன்னுடுவார்டி" என்றேன்.

"இது எல்லாருக்கும் தொறந்து கீது. எதிராளி ஒரு தபா தட்டிப் பாத்தா போதும், குப்பமே பொய் சொல்லிச்சுன்னு ஆயிடும். அப்புறம் அவங்க எது சொன்னாலும் எடுபடுமா?"

அன்று சாயங்காலமே குப்பத்துக்குப் போனோம். அவள் சொல்லி முடித்ததும் ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். "செடி வேறன்னு நீதானே சொன்னே? எங்க பொழப்பு உனுக்கு வெள்ளாட்டா கீதா?" என்று தேசம்மா கத்தினாள். ஜரீனாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஜில்லென்று இருந்தது. "புளி தேச்ச இலைய நாங்க வாங்கியிருக்கக் கூடாது. தப்பு எங்களுது" என்றாள். மறுநாள் விசாரணையிலும் யாரும் கேட்பதற்கு முன்னால் எழுந்து அதையே சொன்னாள். சிலர் சிரித்தார்கள்.

சாலை வந்தது. படகுகள் இன்றும் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. தேசம்மா அதன்பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஜரீனா அதற்காக என்னிடம் அழுதிருக்கிறாள்.

அந்தத் தேசம்மா செவ்வாய்க்கிழமை துக்க வீட்டுக்கு வந்திருந்தாள். மூலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "கோவம் இன்னும் போவல எனுக்கு. ஆனா கம்பெனிக்காரன், கெவுருமெண்டு, எவன் வந்து எங்க தண்ணிக்கும் மண்ணுக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு காயிதம் நீட்டினாலும், ஆராவது ஒருத்தர அனுப்பி, ஜரீனா பாத்துச்சா, அது இன்னா சொல்லிச்சுன்னு கேட்டுகினு வருவோம். நான்தான் கேக்க அனுப்புறேன்னு அதுக்குத் தெரியாது, என் பேர சொல்லாதேன்னு சொல்லி வச்சிருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இனிமே ஒன்னத்தான் கேக்கணும்."

ஜரீனாவிடமிருந்து எனக்கு வந்திருப்பது இதுதான். சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.