சாத்தான்குளம் எலுமிச்சைத் தோட்டமும் நான் கேட்காமல் விட்ட கேள்வியும்

போன சனிக்கிழமை, விடுமுறைக்கு வந்திருந்த தூத்துக்குடியிலிருந்து சாத்தான்குளம் போனது ஊர் சுற்ற அல்ல. அங்கே எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுடலை அண்ணாச்சி, "மரத்த எல்லாம் வெட்டப் போறேன் தம்பி" என்று போனில் சொன்னார். போன வருடம் பழங்கள் மரத்திலேயே வெடிக்கின்றன என்று அவர் யோசனை கேட்டபோது, தோலில் சுண்ணாம்புச் சத்து குறைவு, கால்சியம் மருந்து அடியுங்கள் என்று சொன்னவன் நான்தான். மதுரையில் பழங்களின் சத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை, அந்தத் தெம்பில் சொன்னது.

காலை 6.10க்குப் பேருந்து. உப்பளம் தாண்டி, திருச்செந்தூருக்கு 40 கிலோமீட்டர், 7.20க்கு இறங்கினேன். அடுத்த பேருந்தில் சாத்தான்குளம், அங்கிருந்து ஆட்டோவுக்கு 150 ரூபாய். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. அறுபது மரத்தில் இருபது ஏற்கெனவே சாய்ந்து கிடந்தன.

"நாலு தடவ அடிச்சாச்சு தம்பி. ஒண்ணும் கேக்கல" என்றார் அண்ணாச்சி.

"காய் எவ்வளவு பெருசா இருக்கும்போது அடிச்சீங்க?"

"நல்லாப் பெருத்த பிறவுதான். பிஞ்சுல அடிச்சா உதிந்துரும்லா. இங்கன எல்லாரும் அப்படித்தான்."

எலுமிச்சை சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் பிஞ்சாக இருக்கும் சில வாரங்களில்தான் தோலில் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே சாறும் பொட்டாசியமும் ஏறி, பழம் ஊதிக்கொண்டே போகும். தோல் பலமில்லாமல் இருந்தால் வெடித்துவிடும். பெருத்த காய்மேல் எத்தனை முறை அடித்தும் பெரிதாகப் பலனில்லை. இதை அவரிடம் சொன்னேன்.

அண்ணாச்சி வெட்டிக் கிடந்த ஒரு கிளையைப் புரட்டினார். அடுத்த காய்ப்புக்கான பிஞ்சுகள், பட்டாணி அளவில், கொத்துக் கொத்தாக இருந்தன.

"இந்தப் பருவந்தானா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் ரம்பக்காரரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தப் பக்கம் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், காய் என்ன பருமன் என்று முதலில் கேளுங்கள். நான் போன வருடமே கேட்டிருந்தால், அந்த இருபது மரமும் நின்றிருக்கும்.